சாவிக்கட்டையில் ஒரு பெயர்

கிரான்ஷேர் தீவு
5 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதட்டும் என்று நானும், நான் எழுதட்டும் என்று நீயும் வீம்பு பிடித்துக்கொண்டு ஒன்றரை வருஷத்தை ஓட்டிவிட்டோம். சின்னவன் நான்தானே, நானே தோற்றுவிடுகிறேன்.

இங்கே வடக்குக் காற்று தொடங்கிவிட்டது. துறையில் எல்லாரும் எஞ்சின் உறையாமலிருக்கக் கூலன்ட் ஊற்றும் வேலையில் இருக்கிறார்கள். பெர்ட்டில் வழக்கம்போல் பாதியை எஞ்சினுக்குள்ளும் பாதியைத் தன் பூட்ஸுக்குள்ளும் ஊற்றிக்கொண்டான். "இந்தக் குளிர்காலத்துல என் வலது கால் மட்டும் உறையாதுடா"ன்னு நொண்டிக்கொண்டே சொன்னான். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் போனதிலிருந்து உங்கள் படகுக் கொட்டகை பூட்டியே கிடக்கிறது. கூரையில் கடல் பக்கம் நான்கு பலகை பெயர்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் நேராக உள்ளே விழுகிறது. போன குளிர்காலத்துப் பனிப் பாரத்தில் நடு உத்தரம் வேறு வளைந்திருக்கிறது. இன்னொரு பனியை அது தாங்காது. கடை வைத்திருக்கிற எக்ஹோல்ம், இப்படியே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். கடலிலிருந்து தூக்கின அந்த எஞ்சின் இன்னும் உள்ளேதான் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. அதையும் அவரே அப்புறப்படுத்திவிடுவாராம்.

காகிதம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், நீ இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

உன் தம்பி,
ரூனார்


ஓபு
14 அக்டோபர் 1986

ரூனார்,

உன் கடிதத்தில் உன் அத்தானைப் பற்றி அரை வரி இருக்கிறது. கூரையைப் பற்றி ஐந்து வரி இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

வீம்பு என்று எழுதியிருக்கிறாய். எது வீம்பு? எஞ்சினைக் கரைக்குத் தூக்கிய அன்று காப்பீட்டுக்காரர் அதன் வயிற்றில் இருந்த வெடிப்புக்குள் விரலை விட்டுக் காட்டினார். "தண்ணி உள்ளேயே நின்னு உறைஞ்சு வெடிச்சிருக்கு. அந்த வெடிப்பு வழியா எண்ணெய்ல தண்ணி கலந்து, நடுக்கடல்ல எஞ்சின் இறுகிப்போச்சு. ஓட முடியாத படகைக் காத்து கவிழ்த்திருக்கு"ன்னார். பிறகு கொட்டகைச் சுவரிலிருந்த ஆணியில் தொங்கிய சாவிக்கட்டையை எடுத்துப் படித்தார். "சிக்னேங்கிறது யாரு?" என்றார். துறையில் நின்ற பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மாமியார் பார்த்தார். நீ உன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

நம் தீவில் அந்தக் கட்டைக்கு என்ன மரியாதை என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சினைக் குளிருக்குத் தயார் செய்தவர் கட்டையில் பெயரும் தேதியும் எழுதிச் சாவியோடு கட்டித் தொங்கவிட வேண்டும். யார் பெயரோ அவர் பொறுப்பு. அதனால்தான் நான் யாரிடமும் வாதாடவில்லை, அடுத்த வாரமே இங்கே வந்துவிட்டேன். ஆனால் ஒரு வார்த்தை, "எங்கக்கா வேணும்னு செய்வாளா?" என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம்.

இந்த ஒன்றரை வருஷமும் அந்த ஒரே நாளைத்தான் திரும்பத் திரும்ப வாழ்ந்துகொண்டிருக்கிறேன். 1984, அக்டோபர் 20. அவர் இடுப்பு அறுவைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கிருந்து போனில் பொறுமையாகச் சொன்னார்: "சிக்னே, முதல்ல எஞ்சினை நல்லா ஓடவிட்டுச் சூடாக்கு. உள்ள ஒரு சின்ன வால்வு இருக்கு, சூடேறினாத்தான் அது திறக்கும். அது மூடியிருக்கிறப்ப ஊத்தினா கூலன்ட் சுத்துவழியா ஓடிப் பின்னாடி வந்துடும். ரோஸ் நிறமா வருதேன்னு நீ நிறுத்திடுவ. உள்ள கடல்தண்ணி அப்படியே நிக்கும். இந்தக் கடல்ல உப்பே கிடையாது, முதல் குளிருக்கே உறைஞ்சு இரும்பைப் பிளந்துடும்."

அரைமணி நேரம் ஓடவிட்டேன். எஞ்சின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், மூன்று எண்ணுவதற்குள் சுட்டது. பிறகுதான் குழாயைக் கூலன்ட் வாளிக்குள் விட்டேன். பின்பக்கம் ரோஸ் நிறம் வந்த பிறகும் வாளி காலியாகும்வரை ஓடவிட்டேன். பென்சிலால் கட்டையில் என் பெயரை எழுதினேன்.

இதில் எது தப்பு, சொல்லு. நீ எஞ்சினோடு பிறந்தவன். எனக்கு ஆறுதல் வேண்டாம், எங்கே தவறினேன் என்று தெரிந்தால் போதும்.

ஒன்று கேட்கிறேன். நான் இரண்டு டப்பா கூலன்ட் வாங்கி, ஒன்றைத்தான் திறந்தேன். இன்னொன்றை முத்திரை உடைக்காமல் அலமாரியில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். அது இன்னும் அங்கே இருக்கிறதா? இருந்தால் ஒரு டப்பா போதாமல் போயிருக்கிறது, நான் கஞ்சத்தனம் செய்துவிட்டேன் என்று அர்த்தம். போய்ப் பார்த்து எழுது.

அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

சிக்னே


கிரான்ஷேர்
22 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தேன். அலமாரியில் கூலன்ட் டப்பா எதுவும் இல்லை.

நீ இதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இரும்புதானே, சில சமயம் காரணமே இல்லாமல் வெடிக்கும். பழைய எஞ்சின் வேறு. யார் செய்திருந்தாலும் நடந்திருக்கும்.

அன்று துறையில் நான் பேசாமல் நின்றது தப்புதான். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

தபால் படகில் கறுப்பு ரொட்டி இரண்டும் ஒரு ஜாடி ஊறுகாய் மீனும் அனுப்பியிருக்கிறேன். நகரத்து ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கும், அதைத் தின்று எப்படித்தான் வேலை செய்கிறாயோ.

எக்ஹோல்ம் தினமும் கேட்கிறார். காகிதத்தை மறக்காதே.

ரூனார்


ஓபு
9 நவம்பர் 1986

ரூனார்,

ரொட்டி வந்தது. ஊறுகாய் மீனில் மிளகு அதிகம், உன் கைதான் என்று தெரிந்துகொண்டேன்.

டப்பா இல்லை என்று எழுதியிருக்கிறாய். பூட்டிய கொட்டகை, சாவி உன்னிடம், திருட்டே இல்லாத ஊர். அப்படியென்றால் இரண்டு டப்பாவையும் நானே ஊற்றியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒன்றைத் திறந்ததுதான் நினைவிருக்கிறது. இன்னொன்றைப் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளும்போது என் கையில் நீலப் பெயின்ட் ஒட்டியது வரை நினைவிருக்கிறது. நடக்காத ஒன்று இவ்வளவு தெளிவாக நினைவிருக்குமா?

அது பொய்யென்றால் மற்றதும் பொய்யாக இருக்கலாம். அரைமணி நேரம் ஓடவிட்டேன் என்பதும், உள்ளங்கை சுட்டது என்பதும் நானே பிறகு கட்டிக்கொண்ட கதையாக இருக்கலாம். அவசரமாக ஊற்றிவிட்டு அவரிடம் போனில் "எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன்" என்று சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. தன் கை என்ன செய்தது என்றே தெரியாத ஒருத்தியிடம் அந்த மனுஷன் உயிரை ஒப்படைத்திருக்கிறார்.

இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நான் நீராவிக் குழாய்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு, மூடிய குழாயை மூடினேனா என்று ஐந்தாறு முறை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் மேற்பார்வை அம்மா தோளில் கை வைத்து, "சிக்னே, நீங்க கொஞ்ச நாள் துணி மடிக்கிற பக்கம் வாங்க"ன்னாங்க. நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்கள். இப்போது படுக்கை விரிப்பு மடிக்கிறேன். வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வந்து வேலைக்குத் தாமதமாகிறது. டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருக்கிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு என் மாமியாருக்கு ஓர் அட்டை அனுப்பினேன். பிரிக்காமலே திரும்பி வந்தது. அப்போது அழுதேன். இப்போது அவர் செய்தது சரி என்று தோன்றுகிறது.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொட்டகையைக் கொடுத்துவிடு. வீட்டையும் யாராவது கேட்டால் கொடுத்துவிடு. நான் இனி வரப்போவதில்லை.

சிக்னே


கிரான்ஷேர்
16 நவம்பர் 1986

அக்கா,

கையெழுத்துப் போட்ட காகிதத்தை எக்ஹோல்மிடம் கொடுக்கவில்லை. இதைப் படித்த பிறகு நீயே முடிவு செய்.

உன் நினைவு சரி. நீ ஒரு டப்பாதான் திறந்தாய். இன்னொன்று பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை எடுத்து ஊற்றியது நான்.

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

நீ எஞ்சினைத் தயார் செய்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. நவம்பர் 24, சனிக்கிழமை. நீ ஆஸ்பத்திரியில் அத்தானோடு இருந்தாய். கடல் உறையவில்லை, காற்றே இல்லை. என் படகைக் கரையேற்றியாகிவிட்டது. உங்கள் படகு இன்னும் கொட்டகைக்குள் தண்ணீரில்தான் நின்றது. நான் முகச்சவரம் செய்து, ஒரு புதுக் காபிக் கெட்டிலைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, உன் கட்டையைச் சாவியிலிருந்து அவிழ்த்து வைத்துவிட்டு, உங்கள் படகில் பெர்ன்ஹோல்ம் தீவுக்குப் போனேன். மை-லிஸ்ஸைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்கத்தான் போனேன். அவள் புருஷன் கடலில் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. காபி கொடுத்தாள், இலவங்கப்பட்டை ரொட்டி கொடுத்தாள். "ரூனார், நீ நல்லவன்தான். ஆனா இன்னொரு தடவ ஒரு ஆம்பளைக்காகக் கரையில நின்னு காத்துக்கிட்டிருக்க எனக்குத் தெம்பு இல்லப்பா"ன்னுட்டா. கெட்டிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

திரும்பி வந்து படகைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். நீ ஊற்றிய கூலன்டெல்லாம் போய், உள்ளே கடல்தண்ணீர் நிறைந்திருக்கிறது என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. கொட்டகைக்குப் போனேன். எஞ்சின் ஜில்லென்று இருந்தது. உன் இரண்டாவது டப்பாவை வாளியில் ஊற்றி, குழாயைப் போட்டு, எஞ்சினைக் கிளப்பினேன். இரண்டே நிமிஷத்தில் பின்பக்கம் ரோஸ் நிறம் வந்தது. போதும் என்று நிறுத்திவிட்டேன்.

வால்வு எனக்குத் தெரியாதா அக்கா? பத்து வயதிலிருந்து தெரியும். அரைமணி நேரம் அந்தச் சத்தத்தில் உட்கார்ந்தால் பெர்ட்டில் எட்டிப் பார்ப்பான், நேற்று எங்கே போனாய் என்று கேட்பான் என்றுதான் நிறுத்தினேன். அப்புறம் ஒருநாள் ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் குளிர் வந்துவிட்டது, ஆட்கள் சேர்ந்து படகைக் கரையேற்றிவிட்டார்கள்.

உன் கட்டையை எடுத்துத் திரும்பச் சாவியில் கட்டினேன். என் பெயரை எழுதியிருக்க வேண்டும். எழுதினால் எதற்கு எடுத்தாய் என்பார்கள், மை-லிஸ் வேண்டாம் என்றது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் எழுதவில்லை. அவ்வளவு அற்ப விஷயத்துக்காக.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் பாதி சொன்னதாகத்தான் ஆகும்.

மே 18 காலையில் அத்தான் வலை போடக் கிளம்பும்போது நான் துறையில் நின்றேன். அந்த வருஷத்தின் முதல் ஓட்டம். சாவியிலிருந்து கட்டையை அவிழ்த்துப் படித்தார். "உள்ள என்ன நிறம்னு கொஞ்சம் வடிச்சுப் பாத்துட்டுப் போங்களேன் அத்தான்"னேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது. அவர் சிரித்தார். "டேய், இதுல உன் பேரு இருந்தா எஞ்சினையே பிரிச்சுப் பாத்துட்டுத்தான் கிளம்புவேன். இது உங்கக்கா கையெழுத்துடா. இதுக்கு மேல என்ன பரிசோதனை?" கட்டையை ஆணியில் மாட்டி, அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படகில் ஏறினார்.

நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

ரூனார்


ஓபு
2 டிசம்பர் 1986

ரூனார்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. ஒரு டப்பாதான் திறந்தேன். உள்ளங்கை சுட்டது நிஜம். சமையலறையில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அடுப்பை அணைத்தேனா என்று அன்று பார்க்கவில்லை.

பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

என் பெயர் அவரைக் கொன்றது என்று ஒன்றரை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, நீ தப்பே செய்யவில்லை என்கிறாய். ஆனால் அவர் என் பெயரைப் பார்த்துத்தானே வடித்துப் பார்க்காமல் போனார்? நான் ஒழுங்கானவள் என்று அவர் நம்பாமல் இருந்திருந்தால் இன்று உயிரோடு இருப்பார். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது ரூனார்? தப்பு செய்தவளாக இருந்தபோது அழவாவது முடிந்தது.

சின்ன வயதில் நீ ஜன்னலை உடைத்தால் அப்பாவிடம் நான்தான் உடைத்தேன் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டிருந்தால் அந்தத் துறையிலும் சொல்லியிருப்பேன். கேட்காமலே என் பெயரை எடுத்துக்கொண்டாய்.

மன்னிப்பு என்ற வார்த்தை உன் கடிதத்தில் இல்லை. நல்லது, கேட்காதே. இரண்டு காரியம் செய். அன்று துறையில் நின்ற அத்தனை பேரிடமும், என் மாமியாரிடமும், எனக்கு எழுதியதை உன் வாயால் சொல்லு. ஒன்றையும் விடாதே, கெட்டிலையும் விடாதே.

அந்தக் கட்டையை எனக்கு அனுப்பு.

சிக்னே


கிரான்ஷேர்
14 டிசம்பர் 1986

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நேற்று எக்ஹோல்ம் கடையில் கிறிஸ்துமஸுக்குக் கருவாடு வாங்க எல்லாரும் வந்திருந்தார்கள். கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு சொன்னேன், யாரும் பாதியில் போய்விடக் கூடாது என்று. கெட்டிலையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பெர்ட்டில் மட்டும், "ஒரு கெட்டிலுக்காகவாடா?" என்றான். மற்றவர்கள் வாங்கியதை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள்.

பிறகு உன் மாமியார் ஹில்மா அம்மாவிடம் போனேன். பின்னிக்கொண்டிருந்ததை மடியில் வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். என்னைத் திட்டவில்லை. "அவ அனுப்பின அட்டையைப் பிரிக்காம திருப்பிட்டேனே"ன்னு அதையே மூன்று தடவை சொன்னார். உன் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்று காலை பார்த்தேன், பெர்ட்டில் என் படகில் ஏறி, என்னைக் கேட்காமலே எஞ்சினைக் கொஞ்சம் வடித்து என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். ரோஸ் நிறம்தான். மூடியைத் திருகிவிட்டு இறங்கிப் போனான். அந்தப் படகின் கட்டையில் என் பெயர் இருக்கிறதல்லவா, இனி அப்படித்தான் இருக்கும்.

உன் கட்டையை இத்துடன் அனுப்புகிறேன். அதைச் சும்மா அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, கத்தியால் உன் பெயரைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, என் பெயரையும் நவம்பர் 25 என்ற தேதியையும் சூட்டுக்கம்பியால் பொறித்திருக்கிறேன். இனி யாரும் உன் பெயரை அதில் படிக்க முடியாது. என்னால் திருத்த முடிந்தது இது ஒன்றுதான் அக்கா.

ரூனார்


ஓபு
29 டிசம்பர் 1986

ரூனார்,

மாமியார் கடிதம் வந்தது. எழுத்து நடுங்குகிறது. ஜனவரியில் மருத்துவச் சோதனைக்கு இங்கே வருகிறாராம், என் வீட்டில் தங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வரச் சொல்லி எழுதிவிட்டேன். சலவைக்கூடத்தில் என்னைத் திரும்ப நீராவிக் குழாய்ப் பக்கம் விட்டிருக்கிறார்கள். கொட்டகையை விற்க வேண்டாம், கூரையை அடைத்துவை.

கட்டையும் வந்தது.

அனுப்பு என்றுதான் எழுதினேன். திருத்தச் சொல்லவில்லை. "உங்கக்கா கையெழுத்துடா" என்று அவர் படித்தது அந்தப் பென்சில் எழுத்தைத்தான். அதன் மேல்தான் தட்டினார். கரையில் அவர் கை கடைசியாகப் பட்ட இடத்தில் என் கையை வைத்துப் பார்க்கத்தான் கேட்டேன். ஊரார் பேச்சா எனக்குக் கவலை?

ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். ஒரு கோடு கூட மிச்சமில்லை.

உன் வாழ்க்கையிலேயே இந்த ஒரு வேலையைத்தான் நீ பாதியில் நிறுத்தாமல் செய்திருக்கிறாய்.

சிக்னே